முறிந்த மாதிரியைத் தொட்டிருந்தபோது கிராஸ்ஹெட் இறங்கியது: எமர்ஜென்சி ஸ்டாப்பும் வேக வரம்பும் எதுவரை காக்கும்?

வார்ப்பக ஆய்வர் எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். கோவைப் பகுதியில் உள்ள ஒரு வார்ப்பகத்தின் சோதனைக்கூடத்துக்குப் பொறுப்பாளராக இருக்கிறேன். எங்களிடம் 100 கிலோநியூட்டன் திறனுள்ள, சர்வோ மோட்டாரும் பால் ஸ்குரூவும் கொண்ட இருதூண் யூ.டி.எம். (மாதிரிகளை இழுத்தும் அமுக்கியும் வலிமையைச் சோதிக்கும் இயந்திரம்) ஒன்று உள்ளது. வார்ப்பிரும்பு, எஃகு மாதிரிகளின் இழுவிசைச் சோதனையே எங்கள் வேலையில் பெரும்பகுதி. மாதத்தில் ஓரிரு முறை ரப்பர் தகடுகளையும் அதே இயந்திரத்தில் சோதிக்கிறோம்.

சென்ற வாரம் 12.5 மி.மீ. விட்டமுள்ள எஃகு மாதிரி ஒன்றை இழுத்தோம். சுமார் 16 மி.மீ. நீண்டு, வழக்கம்போல் நடுவில் முறிந்தது. பயிற்சிக்கு வந்திருக்கும் இளைஞர், மாதிரியைக் கவ்விப் பிடிக்கும் கிரிப்புகளில் கீழ்க் கிரிப்பைத் தளர்த்தியதும் கீழ்ப்பாதி இறங்கிக் கிரிப்பின் அடிப்பகுதியில் உட்கார்ந்தது. மேல்பாதி மேல் கிரிப்பிலேயே தொங்கியது. அதன் முறிவு முகம் எப்படி இருக்கிறது என்று அவர் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், கணினி முன் அமர்ந்திருந்த நான் முடிவைச் சேமிக்கும் பொத்தானை அழுத்தினேன். சேமித்தவுடன் கிராஸ்ஹெட், அதாவது மேல் கிரிப்பைத் தாங்கி ஏறி இறங்கும் குறுக்குச் சட்டம், தானாகத் தொடக்க இடத்துக்குத் திரும்பும்படி அந்தச் சோதனைக் கோப்பில் குறிக்கப்பட்டிருந்தது எனக்குத் தெரியாது. நிமிடத்துக்கு 500 மி.மீ. வேகத்தில் அது இறங்கியது. அருகில் நின்ற மூத்த ஊழியர் அசைவைக் கண்டதுமே எமர்ஜென்சி ஸ்டாப்பை அடித்தார். ஆனாலும் இரு பாதிகளுக்கும் நடுவே அந்த இளைஞருடைய விரல் சிக்கிக்கொண்டது. எலும்புக்குச் சேதமில்லை என்று மருத்துவர் கூறினார். நகம் கறுத்துவிட்டது.

பிறகு கோப்பைத் திறந்து பார்த்தபோது, அது ரப்பர் சோதனைக்கான கோப்பிலிருந்து நகலெடுத்துத் திருத்தப்பட்டது என்பது தெரிந்தது. இழுக்கும் வேகத்தை மாற்றியவர் திரும்பும் வேகத்தையும் தானாகத் திரும்பும் அமைப்பையும் மாற்றாமல் விட்டிருக்கிறார். அந்தத் திருத்தத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டவன் நான் என்பதால் இதை என் தவறாகவே கருதுகிறேன்.

எனக்கு மூன்று ஐயங்கள் உள்ளன. எமர்ஜென்சி ஸ்டாப் உடனே அடிக்கப்பட்டும் விரல் ஏன் சிக்கியது, அந்தப் பொத்தானில் ஏதேனும் பழுது இருக்குமா? தூணின் அருகில் உள்ள கம்பியில் மேல், கீழ் வரம்புக் காலர்கள் (கிராஸ்ஹெட் எல்லையை எட்டினால் லிமிட் சுவிட்சைத் தட்டி நிறுத்தும் வளையங்கள்) இருந்தும் அவை ஏன் உதவவில்லை? மூன்றாவது என்னை மிகவும் உறுத்துகிறது. நின்றுவிட்ட இயந்திரத்திலிருந்து விரலை விடுவிக்க எங்களுக்கு ஏறக்குறைய அரை நிமிடம் ஆயிற்று. பொத்தானைத் திருகி விடுவித்தால் மீண்டும் இறங்கிவிடுமோ என்று அஞ்சி ஒருவரும் கை வைக்கவில்லை. இதற்குச் சரியான முறை எது?

இழுவிசை எழுதியது:

நடந்ததை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இத்தகைய இயந்திரங்களில் ஆட்களைப் பயிற்றுவித்து வருகிறேன். கிரிப்புகளுக்கிடையில் கை நசுங்கிய நிகழ்வுகளில் நான் அறிந்தவற்றுள் பெரும்பாலானவை சோதனை ஓடிக்கொண்டிருக்கும்போது நடந்தவை அல்ல. மாதிரியைப் பொருத்தும்போதும் முறிந்ததை எடுக்கும்போதும்தான் நடந்திருக்கின்றன.

காரணம் எளியது. ஐ.எஸ்.ஓ. 6892-1 தரநிலைப்படி, நெகிழ்வெல்லைப் பகுதியில் (மாதிரி நிலையாக நீளத் தொடங்கும் கட்டத்தில்) திரிபு வேகம், அதாவது நீளத்தில் எத்தனை பங்கு நீள்கிறது என்பது, நொடிக்கு 0.00025 என்று வைத்தால், 80 மி.மீ. இணைநீளமுள்ள (ஒரே தடிமனான நடுப்பகுதி உள்ள) மாதிரிக்குக் கிராஸ்ஹெட் நிமிடத்துக்கு 1.2 மி.மீ. மட்டுமே நகர்கிறது. அதன்பின் நொடிக்கு 0.0067 என்று உயர்த்தினாலும் நிமிடத்துக்கு 32 மி.மீ.தான். இந்த வேகத்தில் கையை இழுத்துக்கொள்ள யாருக்கும் நேரம் இருக்கும். ரப்பருக்கோ, ஐ.எஸ்.ஓ. 37 தரநிலையின் வழக்கமான டம்பெல் மாதிரிகளுக்கு நிமிடத்துக்கு 500 மி.மீ. என்பதே சோதனை வேகம். உங்கள் கோப்பில் எஃகு மாதிரிக்குப் பின்னால் ஒளிந்திருந்தது அந்த ரப்பரின் வேகம்.

உங்கள் முதல் ஐயத்துக்கு வருகிறேன். நிமிடத்துக்கு 500 மி.மீ. என்பது நொடிக்கு 8.3 மி.மீ. இரு பாதிகளுக்கிடையே 20 மி.மீ. இடைவெளி இருந்தது என்றும், விரலின் தடிமன் 14 மி.மீ. என்றும் கொண்டால், எஞ்சியது 6 மி.மீ. மட்டுமே. அது முக்கால் நொடிக்குள் மூடிவிடும். மிக விழிப்பாக இருப்பவரும் அசைவைக் கண்டு, புரிந்துகொண்டு, கையை நீட்டிப் பொத்தானை அடிக்க ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். ஆகவே பொத்தான் பழுதின்றி வேலை செய்திருந்தாலும் விரல் சிக்கியே இருக்கும். அந்த மூத்த ஊழியரின் விரைவு நகத்தோடு போகச் செய்தது. இல்லையெனில் கிராஸ்ஹெட் மீதமிருந்த தொலைவையும் கடந்திருக்கும். எமர்ஜென்சி ஸ்டாப்பை ஐ.எஸ்.ஓ. 13850 ஒரு துணைப் பாதுகாப்பாகவே வகுக்கிறது. மற்றப் பாதுகாப்புகளுக்கு அது மாற்றாகாது என்பதை அத்தரநிலை வெளிப்படையாகவே சொல்கிறது.

இங்கே ஒரு நுட்பமான செய்தியைக் கவனிக்க வேண்டும். தகடு வளைக்கும் பிரஸ் பிரேக் இயந்திரங்களில், நொடிக்கு 10 மி.மீ.க்கு மேற்படாத மூடும் வேகம் தாழ்ந்த வேகமாக ஏற்கப்படுகிறது. சோதனை இயந்திரங்களைப் பற்றிப் பேசுவோரும் இந்த எண்ணைத்தான் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள். உங்கள் கிராஸ்ஹெட் இறங்கியது அந்த வரம்புக்குள்தான். ஆயினும் விரல் நசுங்கியது. ஏனென்றால், அந்த 10 மி.மீ. என்பது தனித்து நிற்கும் எண் அன்று. பொத்தானை விரலால் அழுத்திக்கொண்டே இருக்கும் வரை மட்டும் நகரும், விரலை எடுத்த கணமே நிற்கும் என்ற நிபந்தனையோடு அது பிறந்தது. இயக்குபவரே தன் கையையும் மாதிரியையும் பார்த்துக்கொண்டு, தன் விரலாலேயே நகர்த்தும்போது அந்த வேகம் பாதுகாப்பானது. அதே வேகத்தில் கணினி தானாக நகர்த்தினால், அதுவும் கணினியை இயக்குபவர் ஒருவராகவும் கிரிப்புக்குள் கை வைத்திருப்பவர் வேறொருவராகவும் இருந்தால், அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை.

ஆகவே தானாகத் திரும்பும் அமைப்பை எஃகு, வார்ப்பிரும்புச் சோதனைகளுக்கான கோப்புகள் அனைத்திலும் இன்றே நீக்கிவிடுங்கள். முறிந்த இரு துண்டுகளையும் எடுத்த பிறகு, இயந்திரத்தின் அருகில் நிற்பவர் ஜாக் (jog) விசையை, அதாவது அழுத்தியிருக்கும் வரை மட்டும் கிராஸ்ஹெட்டை நகர்த்தும் பொத்தானை, அழுத்தி அதை இறக்கட்டும். இதில் விசையை அளக்கும் உணரியான லோடு செல்லுக்கும் ஒரு நன்மை உண்டு. 16 மி.மீ. நீண்டு முறிந்த மாதிரியின் இரு பாதிகளும் கிரிப்புகளிலேயே இருக்கும்போது கிராஸ்ஹெட் பழைய தொடக்க இடத்துக்குத் திரும்பினால், அவ்விடத்தை அடையும் முன்பே முறிவு முகங்கள் முட்டிக்கொண்டு அமுக்குவிசை எகிறும். கவனக்குறைவால் லோடு செல் கெட்டுப்போன கூடங்கள் சிலவற்றைப் பார்த்திருக்கிறேன். உங்கள் லோடு செல்லின் சுழிய அளவு (விசை ஏதும் இல்லாதபோது காட்டும் அளவு) நிகழ்வுக்கு முன்பிருந்த இடத்திலேயே நிற்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரைவ் பேனல் எழுதியது:

சர்வோ டிரைவ்கள் (மோட்டாரை இயக்கும் மின்னணுப் பெட்டிகள்), கட்டுப்பாட்டுப் பலகைகள் ஆகியவற்றில் பணியாற்றுகிறேன். வரம்புக் காலர்கள் பற்றிய இரண்டாம் ஐயத்துக்கு விடை சொல்கிறேன்.

அந்தக் காலர்கள் கிராஸ்ஹெட் ஒரு குறிப்பிட்ட எல்லையைத் தாண்டாமல் காப்பவை. கிரிப்பும் கிரிப்பும் மோதாமல், அமுக்குத் தட்டுகள் ஒன்றையொன்று இடிக்காமல், ஸ்குரூவின் முனைவரை போய்விடாமல் அவை தடுக்கும். உங்கள் நிகழ்வில் கிராஸ்ஹெட் திரும்ப வேண்டியிருந்த 16 மி.மீ.யும் சோதனையின் இயல்பான வேலை எல்லைக்குள்ளேயே அடங்கியது. கீழ்க் காலரை எவ்வளவு கவனமாக அமைத்திருந்தாலும், அது தொடக்க இடத்துக்குச் சற்றுக் கீழேதான் இருக்க முடியும். ஆகவே அது இந்த நகர்வைத் தடுத்திருக்காது. இயந்திரத்தைக் காக்கும் கருவியைக் கையைக் காக்கும் கருவியாக நினைத்துக்கொள்வது பரவலாக உள்ள பிழை.

அதற்காகக் காலர்களைப் புறக்கணிக்க வேண்டாம். இழுவைக் கிரிப்பைக் கழற்றி அமுக்குத் தட்டுகளைப் பொருத்தும்போது அவற்றை மறுபடி அமைக்காமல் விடுவதால் வரும் இழப்பு பெரிது. கணக்கு இதோ. ஒரு சட்டகத்தின் விறைப்பு மி.மீ.க்கு 100 கிலோநியூட்டன் என்று கொள்வோம். 50 கிலோநியூட்டன் லோடு செல் பொருத்திய நிலையில் தட்டுகள் மோதினால், அதன் முழுத்திறனை எட்ட அரை மி.மீ. நகர்வு போதும். நொடிக்கு 10 மி.மீ. வேகத்தில் அது நொடியின் இருபதில் ஒரு பங்கு. மனிதக் கை அதற்குள் எதையும் செய்யாது. மென்பொருளின் விசை வரம்புகூடச் சில வேளைகளில் பிந்திவிடும். நிமிடத்துக்கு 1 மி.மீ. வேகத்தில் அதே அரை மி.மீ.க்கு 30 நொடிகள் கிடைக்கும். மோதலின்போது காப்பது தாழ்ந்த வேகமே. மற்றவை அதற்குத் துணை.

எமர்ஜென்சி ஸ்டாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டியது உண்டு. ஐ.இ.சி. 60204-1 நிறுத்தங்களை மூன்று வகையாகப் பிரிக்கிறது. 0 என்ற வகையில் மோட்டாருக்கான மின்சக்தி உடனே துண்டிக்கப்படும். 1 என்ற வகையில் டிரைவ் முதலில் வேகத்தைக் கட்டுப்பாட்டுடன் குறைத்து நிறுத்தி, அதன்பின் சக்தி துண்டிக்கப்படும். 2 என்ற வகையில் நின்ற பிறகும் சக்தி இருக்கும். எமர்ஜென்சி ஸ்டாப் 0 அல்லது 1 வகையாகவே இருக்க வேண்டும். கணினித் திரையில் தெரியும் நிறுத்தப் பொத்தானோ, கையடக்கப் பலகையில் உள்ள சாதாரண நிறுத்த விசையோ எமர்ஜென்சி ஸ்டாப் ஆகாது. கணினி உறைந்துவிட்டால் அவை வெறும் படங்கள். மஞ்சள் பின்னணியில் உள்ள சிவப்புக் காளான் பொத்தானே உண்மையானது. அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், திருகியோ வேறு வகையிலோ கையால் விடுவித்தால் மட்டுமே மீளும். மீண்டபோது இயந்திரம் தானாக ஓடத் தொடங்கவே கூடாது. மீண்டும் ஓடத் தனியாக ஒரு கட்டளை வேண்டும். உங்கள் இயந்திரம் இப்படி நடக்கிறதா என்பதைக் கிரிப்பில் ஒன்றும் இல்லாத நிலையில், மிகத் தாழ்ந்த வேகத்தில் சோதித்துப் பாருங்கள். அது தெரிந்திருந்தால் அன்று அந்த அரை நிமிட அச்சம் வந்திருக்காது.

நிற்கும் தொலைவை அளக்க விரும்பினால் ஒரு வழி சொல்கிறேன். கையால் பொத்தானை அடித்து அளந்தால் உங்கள் கையின் தாமதமும் அதில் கலந்துவிடும். அதற்குப் பதிலாகக் கீழ்க் காலரை ஓரிடத்தில் இறுக்குங்கள். கிரிப்புகள் மோதாத அளவுக்கு இடம் விட்டுக்கொள்ளுங்கள். கிராஸ்ஹெட்டை முதலில் நிமிடத்துக்கு 5 மி.மீ. வேகத்தில் இறக்கி, லிமிட் சுவிட்ச் நிறுத்திய இடத்தைக் குறியுங்கள். பிறகு 100, 500 என்ற வேகங்களில் அதையே செய்யுங்கள். தாழ்ந்த வேகத்தில் நின்ற இடத்துக்கும் உயர்ந்த வேகத்தில் நின்ற இடத்துக்கும் உள்ள வேறுபாடுதான் அந்தச் சுற்று நிறுத்துவதற்கு எடுத்துக்கொள்ளும் தொலைவு.

வேகத்தைக் கட்டுப்படுத்துவதிலும் மூன்று படிகள் உண்டு என்பதை மறக்க வேண்டாம். கணினி மென்பொருளில் ஜாக் வேகத்தைக் குறைத்து எழுதுவது ஒரு வசதி மட்டுமே; கோப்பு மாறினால் அதுவும் மாறும், உங்களுக்கு நடந்ததும் அதுதான். டிரைவின் உள்ளமைப்பில் உச்ச வேகத்தைக் குறைப்பது அதைவிட உறுதியானது, ஆனால் ரப்பர் சோதனையை ஓட்ட முடியாமல் போகும். மூன்றாவது, ஐ.இ.சி. 61800-5-2 வரையறுக்கும் பாதுகாப்பான வேக வரம்பு. அதில் தனிப் பாதுகாப்புச் சுற்று ஒன்று மோட்டாரின் உண்மையான வேகத்தைக் கண்காணிக்கிறது. வரம்பை மீறினால் மென்பொருள் என்ன சொன்னாலும் சக்தியைத் துண்டிக்கிறது. புதிய இயந்திரங்களில் பொருத்தும் நிலை, சோதனை நிலை என்று இரண்டாகப் பிரித்து, பொருத்தும் நிலையில் இந்த வரம்பு எப்போதும் உயிரோடு இருக்கும்படி அமைக்கிறார்கள். உங்கள் இயந்திரத்தின் டிரைவ் அதற்கு இடம் தருகிறதா என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள். இடம் தந்தால் சாவியால் மாற்றும் சுவிட்ச் ஒன்றையும் சேர்த்து அமைக்கலாம். சாவி பொறுப்பாளரிடம் இருக்கட்டும். நீங்களாகவே பலகையைத் திறந்து லிமிட் சுவிட்சின் கம்பிகளை மாற்ற வேண்டாம். கம்பி அறுந்தாலும் இயந்திரம் நிற்கும்படி அவை மூடிய தொடர்புகளாக அமைக்கப்பட்டிருக்கும். மாற்றினால் அந்தத் தன்மை போய்விடும்.

உற்பத்திப் பிரிவு எழுதியது:

மேலே சொன்னவை அனைத்தும் சரியே. ஆனால் சோதனைக்கூடம் முடிவு தராமல் வார்ப்புகளை வெளியே அனுப்ப இயலாது என்று எங்கள் பிரிவில் அனைவரும் காத்துக்கொண்டிருப்பார்கள். ஒவ்வொரு மாதிரிக்கும் கிராஸ்ஹெட்டைக் கையால், தாழ்ந்த வேகத்தில் இறக்கினால் நாளின் முடிவில் எவ்வளவு தாமதமாகும் என்பதையும் கணக்கிட வேண்டும் அல்லவா?

இழுவிசை எழுதியது:

கணக்கிடுவோம். 16 மி.மீ. தொலைவை நிமிடத்துக்கு 500 மி.மீ. வேகத்தில் கடக்க 2 நொடி, 50 மி.மீ. வேகத்தில் கடக்க 19 நொடி. ஒரு மாதிரிக்கு 17 நொடி கூடுதல். நாளொன்றுக்கு 40 மாதிரிகள் என்றால் மொத்தம் பன்னிரண்டு நிமிடத்துக்கும் குறைவு. அந்த நேரத்திலும் மற்றொருவர் முறிந்த துண்டுகளைப் பொருத்தி இறுதி நீளத்தை அளக்கலாம் என்பதால் உண்மையான இழப்பு அதனினும் சிறிது.

ரப்பருக்கு இந்த வாதம் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே கிராஸ்ஹெட் 200 மி.மீ.க்கு மேல் உயர்ந்திருக்கும், 50 மி.மீ. வேகத்தில் திரும்ப நான்கு நிமிடம் ஆகும். அதற்குத்தான் இன்டர்லாக் உள்ள ஒளிபுகும் கதவு. கதவு மூடியிருந்தால் வேகமாகத் திரும்பட்டும். திறந்த கணம் நிற்கட்டும் அல்லது விரல் அழுத்தத்தில் மட்டும் மெல்ல நகரட்டும்.

விசை வரம்பைப் பற்றியும் சொல்ல மறந்தேன். இறங்கும் நகர்வின்போது அமுக்குவிசை 50 அல்லது 100 நியூட்டனைத் தாண்டினால் நிற்கும்படி பெரும்பாலான மென்பொருள்களில் அமைக்கலாம். ஆனால் அதை எப்போதும் இயங்கும்படி வைத்தால், ஆப்பு வடிவ கிரிப்பை இறுக்கும்போது மாதிரியில் இயல்பாகவே ஏறும் அமுக்குவிசைக்கும் அது நின்றுகொண்டே இருக்கும். வெறுத்துப்போய் ஊழியர்கள் அதை முழுவதுமாக அணைத்துவிடுவார்கள். திரும்பும் நகர்வுக்கு மட்டும் அமையுங்கள்.

கல்லூரி ஆய்வகம் எழுதியது:

பொறியியல் கல்லூரிகளில் இன்னமும் 40 டன் நீரியல் யூ.டி.எம்.கள் ஓடுகின்றன, அவற்றைப் பயன்படுத்துவோருக்காகவும் சில வரிகள் எழுதுகிறேன். அவற்றில் பம்பை நிறுத்தினால் ஏற்றம் நிற்கும். ஆனால் மாதிரியில் ஏறிய விசை உடனே இறங்கிவிடாது. இடப்பக்க வால்வை மெல்லத் திறந்து எண்ணெயைத் திரும்பவிட்டால்தான் இறங்கும். சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டோம் என்ற நம்பிக்கையில் மாணவர்கள் உடனே மாதிரியருகில் முகத்தைக் கொண்டுபோவதைத் தடுப்பதே எங்கள் முதற்பாடம்.

எவ்வளவு ஆற்றல் அதில் தேங்கி நிற்கிறது என்பதை ஒரு முறை கரும்பலகையில் போட்டுக் காட்டுவேன். 25 மி.மீ. முறுக்குக் கம்பியின் குறுக்குப் பரப்பு 491 சதுர மி.மீ. சதுர மி.மீ.க்கு 600 நியூட்டன் தகைவில் அது தாங்கும் விசை 295 கிலோநியூட்டன், ஏறக்குறைய 30 டன். அந்த நிலையில் 500 மி.மீ. நீளக் கம்பியில் மீட்சியாற்றலாக மட்டும் 220 ஜூல் நிற்கிறது. ஒரு கிலோ எடை 22 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். இயந்திரச் சட்டகத்தில் தேங்கும் ஆற்றல் இதற்கு மேல். முறியும் கணத்தில் தெறிக்கும் செதில்களும், கிரிப்பிலிருந்து நழுவும் தாடைகளும் இந்த ஆற்றலால்தான் பாய்கின்றன. வேக வரம்பு இதற்கு எந்த உதவியும் செய்யாது. தடுப்புத் தகடு ஒன்றே காக்கும்.

இழுவிசை எழுதியது:

மூன்றாவது ஐயத்துக்கு இன்னும் முழுமையான விடை வரவில்லை. எமர்ஜென்சி ஸ்டாப் அடித்தவுடன் கிராஸ்ஹெட் நிற்குமே தவிர, பின்வாங்காது. பிரேக் அதை நின்ற இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். சிக்கிய விரல் சிக்கியபடியே இருக்கும். சிக்கியவரை விடுவிக்கும் வழி இருக்க வேண்டும் என்று ஐ.எஸ்.ஓ. 12100 கோருகிறது, ஆனால் அந்த வழியைச் சோதனைக்கூடத்தில் உள்ளவர்கள் ஒத்திகை பார்த்திருக்க வேண்டும்.

பெரும்பாலான மின்னியந்திர யூ.டி.எம்.களில் செய்ய வேண்டியது இது. மெயின் சுவிட்சை அணைக்காதீர்கள். அணைத்தால் மீண்டும் உயிர்ப்பிக்கக் கணினியும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் விழித்தெழும்வரை காத்திருக்க நேரிடும். ஒருவர் சிக்கியவரின் கையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். கையை இழுக்கவே கூடாது. மற்றவர் காளான் பொத்தானைத் திருகி விடுவித்து, டிரைவை மீண்டும் இயக்கி, மேல்நோக்கிய ஜாக் விசையைத் தாழ்ந்த வேகத்தில் அழுத்த வேண்டும். விசை வரம்பு மீறிய எச்சரிக்கை திரையில் நின்றால், சில இயந்திரங்கள் அதை நீக்கும்வரை நகர மறுக்கும். எந்தப் பொத்தானால் நீக்குவது என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். வரம்புக் காலர் தட்டிய நிலையில் சில இயந்திரங்கள் எதிர்த்திசையில் மட்டும் நகர இடம் தரும். வேறு சிலவற்றில் தனி விடுவிப்புச் சாவி தேவைப்படும். உங்களுடையது எந்த வகை என்பதை இயந்திரத்தின் மீதே, மேலே போகும் விசைக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் தமிழில் ஒட்டிவையுங்கள். அந்த நேரத்தில் கையேட்டைத் தேட யாராலும் முடியாது.

வார்ப்பக ஆய்வர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இந்த வாரத்தில் செய்தவற்றைப் பதிவு செய்கிறேன்.

காலரை வைத்து நிற்கும் தொலைவை அளந்தோம். நிமிடத்துக்கு 5 மி.மீ. வேகத்தில் நின்ற இடத்தைவிட 100 மி.மீ. வேகத்தில் 0.1 மி.மீ.யும், 500 மி.மீ. வேகத்தில் 0.6 மி.மீ.யும் கீழே நின்றது. பொத்தானும் பிழையின்றி இயங்குகிறது. திருகி விடுவித்தாலும் இயந்திரம் அசைவதில்லை. ஆகவே அன்று தாமதித்தது இயந்திரம் இல்லை என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது. லோடு செல்லின் சுழியத்திலும் மாற்றமில்லை.

உலோகக் கோப்புகள் அனைத்திலும் தானாகத் திரும்பும் அமைப்பை நீக்கி, கோப்புகளைக் கடவுச்சொல்லால் பூட்டிவிட்டேன். ரப்பர் கோப்பிலிருந்து இனி எதையும் நகலெடுக்க முடியாதபடி தனி அடைவில் வைத்திருக்கிறேன். இயந்திரத்தை நகர்த்தும் விசைகளைக் கிரிப்பருகில் நிற்பவரே அழுத்த வேண்டும், கணினி முன் இருப்பவர் அழுத்தக் கூடாது என்று விதித்துள்ளோம். கதவுக்கும் சாவி சுவிட்சுக்கும் தயாரிப்பாளரிடம் விலைப்பட்டியல் கேட்டிருக்கிறோம். அது வரும்வரை ரப்பர் சோதனைகளை வெளியே அனுப்ப நிர்வாகம் ஒப்புக்கொண்டுள்ளது.

நேற்று விடுவிக்கும் ஒத்திகையை நடத்தினோம். விரலின் தடிமனுள்ள ரப்பர்த் துண்டு ஒன்றைக் கிரிப்புகளுக்கிடையே வைத்து, கிராஸ்ஹெட்டை மெல்ல இறக்கி, எமர்ஜென்சி ஸ்டாப்பை அடித்து, பிறகு விடுவித்தோம். முதல் முறை 22 நொடி ஆயிற்று. திரையில் வந்த விசை எச்சரிக்கையை நீக்கும் பொத்தான் எது என்று தேடியதிலேயே பாதி நேரம் போனது. அந்தப் பொத்தானின் மீது பச்சைப் பட்டை ஒட்டிய பிறகு ஐந்தாம் முறை 7 நொடியில் முடிந்தது. அந்த ஐந்தாம் முறையைச் செய்தவர், நகத்தில் கட்டோடு வந்திருந்த அந்த இளைஞரே. இரண்டாம் ஷிப்டில் உள்ள நால்வருக்கும் நாளை மாலை இதையே நடத்துகிறோம்.